பூத்துக்கு நாலு ஸ்டார், மஞ்சள் சீட்டுக்கு இரண்டு

ராணிப்பேட்டை மாவட்ட ஊராட்சிக்கு நடந்த முதல் தேர்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாலாஜா பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஓட்டு கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் கடை வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். அதனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் டெலிவரி, அதாவது தேர்தல் எங்களிடம் வந்து சேர்ந்த விதம். படுமோசம். 2011-இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவி 2016 அக்டோபரோடு முடிந்தது. அப்புறம் எல்லாம் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிச் செயலரிடம் சொன்னால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குப் போகச் சொல்வார். அங்கே போனால் செயலரிடமே சொல்லச் சொல்வார்கள். 2019 நவம்பர் 28 அன்று வேலூரை மூன்றாகப் பிரித்து எங்களுக்குப் புது மாவட்டம் கொடுத்தார்கள். மாவட்டம் வந்தது, தேர்தல் தள்ளிப்போனது. அடுத்த மாதமே மற்ற ஊர்களில் ஓட்டுப் போட்டார்கள். வார்டு எல்லை இன்னும் பிரிக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட் ஒன்பது மாவட்டங்களை நிறுத்தி வைத்தது. அந்த ஒன்பதில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுமே இருந்தன. பிறகு கொரோனா. 2021 ஜூனில் அதே கோர்ட் செப்டம்பர் 15-க்குள் நடத்தி முடிக்கச் சொன்ன பிறகுதான் அக்டோபர் 6, 9 தேதிகளில் ஒருவழியாக நடந்தது.

பூத் சேவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான். நெற்றியில் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் சானிடைசர் ஊற்றினார்கள். கடைசி ஒரு மணி நேரத்தைக் கொரோனா வந்தவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். பெண்களுக்குத் தனி வரிசை. ஆனால் அதுதான் நீளம், அதுதான் வெயிலில். ஒரு பந்தல் போட்டிருக்கலாம். சாய்தளம் ஏறும் இடத்தில் பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்ததால் என் மாமியாரைக் கைத்தாங்கலாகப் படியேற்ற வேண்டியதாயிற்று. ஒரு ஸ்டார் போனது அதற்குத்தான்.

மெஷின் கிடையாது, நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலையும் வாங்கிய மாமியார், "இன்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி கலர் கலரா குடுக்கறாங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். வரிசையே சிரித்தது. உள்ளே இருந்த அம்மா கோபப்படாமல், ஸ்டாம்ப் மை மறுபக்கம் ஒட்டாதபடி எப்படி மடிப்பது என்று வெற்றுத்தாளில் மடித்துக் காட்டினார். அந்தப் பொறுமைக்குத் தனியாகவே ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

இனி மஞ்சள் சீட்டு. இளஞ்சிவப்பில் இருந்த பூட்டு சாவி, ஆட்டோ சின்னங்கள் யாருடையவை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு இன்னும் பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். மஞ்சளில் இருந்தவர்களில் ஒருவரைக்கூட எங்கள் தெருவில் பார்த்ததில்லை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு மாவட்டக் கவுன்சிலர் என்பது கணக்கு. ராணிப்பேட்டைக்கு மொத்தமே 13 வார்டு. ஒரு வார்டில் எத்தனையோ ஊர், அவர் எத்தனை வாசல்தான் ஏறுவார்? அதனால் ஆளைப் பார்க்காமல் சின்னத்தைப் பார்த்துக் குத்தினோம். பச்சைக்கும் மஞ்சளுக்கும் மட்டும் கட்சிச் சின்னம் உண்டு, அது ஒரு வசதி. "அவரு நம்ம ஊருக்கு வந்துகீறாரா?" என்று மாமியார் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் என்ன வேலை செய்வார் என்பதையும் யாரும் சொல்லவில்லை. குழாய், சாக்கடை, விளக்கு எல்லாம் ஊராட்சித் தலைவர் கணக்கு. மாவட்ட ஊராட்சிக்குத் திட்டம் போடுவதும் ஆலோசனை சொல்வதும்தான் முக்கிய வேலை. கைக்கு வரும் பணமும் குறைவு. பிரசாரத்துக்கு வந்த ஆட்டோவில் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன? இரவு பத்து மணி வரை பாட்டுதான் போட்டார்கள். போதாக்குறைக்கு மாவட்ட ஊராட்சித் தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. அந்த 13 பேர் அக்டோபர் 22 அன்று கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது மாவட்டத்திலும் தலைவர் பதவி தி.மு.க.வுக்கே போனது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

டவுனில் இருக்கும் என் தங்கைக்கு இந்தத் தேர்தலே கிடையாது, அவளுக்கு நகராட்சித் தேர்தல் அப்போது இன்னும் அறிவிக்கப்படவில்லை. "உனக்கு மட்டும் நாலு ஓட்டா?" என்று போனில் பொறாமைப்பட்டாள். மஞ்சளை வேண்டுமானால் அவளுக்கே கொடுத்திருப்பேன்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். மஞ்சள் சீட்டில் பெயர்கள் பொடி எழுத்தில்தான் இருக்கும்.