ஜெர்மனியில் ஓராண்டு ஆங்கிலம் கற்பிக்க: பள்ளியா, சுயதொழிலா?

ஜெர்மனிக்குப் போய் ஒரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "பள்ளிக்கூடத்தில் உதவியாசிரியராகவா, இல்லை சொந்தமாக வகுப்பெடுக்கவா?" என்பதுதான். லண்டனில் பட்டப்படிப்பு முடித்த கையோடு நான் இரண்டையும் செய்து பார்த்தேன். முதல் வருடம் வெஸ்ட்ஃபாலியாவில் ஸோஸ்ட் என்ற சிறு நகரத்துப் பள்ளியில். அடுத்த வருடம் லைப்சிக்கில், மொழிப் பயிற்சி நிறுவனங்களுக்கும் மாலை வகுப்புகளுக்குமாக ஓடிக்கொண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நாடு, ஒரே வேலை. வாழ்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

பள்ளி வழியை நடத்துவது பான் நகரில் இருக்கும் பி.ஏ.டி. என்ற பரிமாற்ற அமைப்பு. மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் செயலகத்தின் கீழ் 1952 முதல் இயங்குகிறது. அமெரிக்கர்கள் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகைத் திட்டம் மூலமாகவும் பிரிட்டிஷ்காரர்கள் பிரிட்டிஷ் கவுன்சில் மூலமாகவும் இதற்குள் வருகிறார்கள். வாரத்துக்கு 12 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மாதம் ஆயிரம் யூரோவை ஒட்டிய உதவித்தொகை. மருத்துவக் காப்பீடு அதோடு சேர்ந்தே வருகிறது. வகுப்புப் பொறுப்பு நம்முடையதல்ல, தேர்வுத்தாள் திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் இல்லை. ஆசிரியரோடு சேர்ந்து நிற்கலாம், ஆறேழு பிள்ளைகளைத் தனி அறைக்கு அழைத்துப் போய்ப் பேசவைக்கலாம். ஜெர்மன் மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுத்தரமான பி1 நிலை இருந்தால் நல்லது.

இந்த வழியில் பலரைத் தயங்கவைப்பது, ஊரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது. 16 மாநிலங்களில் விருப்பத்தை எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். எல்லோரும் பெர்லின், ஹாம்பர்க் என்றே எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். ஸோஸ்ட் என்று கடிதம் வந்தபோது வரைபடத்தில் தேடவேண்டியிருந்தது. பச்சை நிற மணற்கல்லில் கட்டிய பழைய தேவாலயங்கள், மரச்சட்ட வீடுகள், சுற்றிவர மதில். ஒரு மணி நேரத்தில் ஊரையே நடந்து முடித்துவிடலாம்.

இப்போது என்னைக் கேட்டால் சிறு நகரம் கிடைத்தது பெரிய கொடுப்பினை என்பேன். பெர்லினில் நாம் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் ஜெர்மனில் தொடங்கினால், கடைக்காரர் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஸோஸ்ட்டில் ரொட்டிக்கடை அம்மாவுக்கு அந்த அவசரம் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். கிறிஸ்துமஸுக்குள் எனக்கு மொழி வாயில் நின்றது அந்தக் கடையால்தான்.

பாட வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றைச் சொல்லவேண்டும். ஜெர்மன் பிள்ளைகள் ஓயாமல் செய்யும் தவறு, "ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்பதற்குப் பதிலாக "ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்பது. இறந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை நீளும் செயலை ஜெர்மன் நிகழ்காலத்தில்தான் சொல்லும். தமிழும் அப்படித்தானே? "மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்" என்கிறோம். பிள்ளைகளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் என் அம்மா லண்டனில் இன்றும் அதே தவறைச் செய்கிறார். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும் ஜெர்மன் வழக்கமும் நமக்குப் பழகியதுதான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த என் சக உதவியாசிரியர்கள் திருத்தத்தை மட்டும் சொன்னார்கள். நான் தவறு எங்கிருந்து வருகிறது என்று காட்டினேன். தமிழ் பேசுகிறவர் இந்த வேலைக்குப் போனால் இது கையிலிருக்கும் பலம்.

சரி, சுயதொழில். ஜெர்மன் வருமானவரிச் சட்டத்தில் கற்பித்தல் 'சுதந்திரத் தொழில்' பட்டியலில் வருகிறது. அதனால் வணிகப் பதிவு தேவையில்லை. ஃபினான்ஸ்ஆம்ட் எனப்படும் வரி அலுவலகத்துக்கு ஒரு படிவம், பதிலுக்கு ஒரு வரி எண், அதோடு தொடங்கிவிடலாம். வேலை இரண்டு இடங்களில் கிடைக்கும்: கம்பெனி ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தும் தனியார் மொழி நிறுவனங்கள், அப்புறம் ஊருக்கு ஊர் இருக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்வி நிலையங்கள். செல்டா எனப்படும் கேம்பிரிட்ஜின் 120 மணி நேர ஆங்கில ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தால் இரண்டு கதவும் எளிதாகத் திறக்கும்.

சம்பளம் 45 நிமிட அலகுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. 20 முதல் 30 யூரோ வரை கேள்விப்பட்டால் உதவித்தொகை சின்னதாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் 20 அலகு, ஒன்றுக்கு 25 யூரோ என்றால் மாதம் 2000. ஊழியர் வைக்காமல் தனியாகத் தொழில் செய்யும் ஆசிரியர் அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் கட்டாயம் சேரவேண்டும். 18.6 விழுக்காடு, முழுவதும் நம் பையிலிருந்து. 372 யூரோ போச்சு. மருத்துவக் காப்பீடு பொதுக் காப்பீட்டு நிதியில் என்றால் ஏறக்குறைய 400. மிச்சம் 1200 சொச்சம். இந்த வருமானத்துக்கு வரி பெரிதாக வராது. ஆனால் கோடை விடுமுறை ஆறு வாரமும் பெரும்பாலும் வகுப்பில்லை, வகுப்பில்லை என்றால் காசில்லை. வகுப்புக்கு வகுப்பு டிராமில் போகும் நேரத்துக்கும் யாரும் தருவதில்லை. ஆகக் கூட்டிக் கழித்தால் பள்ளி உதவித்தொகைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம், இரண்டு மடங்கு வேலை செய்துவிட்டு.

ஓய்வூதிய விஷயத்தைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். இது தெரியாமலே தொழில் செய்கிறவர்கள் நிறைய. பாக்கியை நான்கு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம், கடிதம் ஒரே தொகையாக வரும். முதல் மாதமே பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று, 2022 ஜூன் 28 அன்று கூட்டாட்சி சமூக நீதிமன்றம் ஹெரன்பெர்க் நகர இசைப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், அவர் சுயதொழில் செய்பவர் அல்ல, ஊழியரே என்று தீர்ப்பளித்தது. அறை பள்ளியுடையது, நேர அட்டவணை பள்ளியுடையது, பாடத்திட்டமும் பள்ளியுடையது என்றால் அங்கே சுதந்திரம் எங்கே என்பதுதான் அதன் சாரம். தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு மொழி நிறுவனங்கள் புதிய சுயதொழிலாளர்களை எடுக்கத் தயங்குகின்றன. ஒரு வருடத்துக்கு மட்டும் வருகிறவருக்கு அது நேரடியான இடைஞ்சல்.

லைப்சிக்கில் நான் வேலை செய்த நிறுவனம் ஒன்று, ஒரு கம்பெனியின் மொத்த வகுப்பையும் ஆகஸ்ட்டில் ஒரு மின்னஞ்சலில் நிறுத்தியது. ஐந்து வாரம் வருமானம் இல்லை. அந்த நாட்களில் நான் மிகவும் தேடியது பணத்தைக்கூட அல்ல, ஸோஸ்ட் பள்ளியின் ஆசிரியர் அறையை. அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. காலையில் வராவிட்டால் எங்கே என்று கேட்க ஆள் இருந்தது. என்னைக் கவனிக்கப் பொறுப்பேற்ற ஆசிரியை தன் சித்தியின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தந்தார். வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் இல்லாமல் முகவரிப் பதிவு இல்லை, முகவரிப் பதிவு இல்லாமல் அடுத்த எந்தக் காகிதமும் நகராது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்யவேண்டிய அந்தப் பதிவை நான் மூன்றாம் நாளே முடித்தேன். லைப்சிக்கில் நிலையான வருமானம் காட்டமுடியாத எனக்கு அறை கிடைக்க இரண்டு மாதம் ஆனது. முன்பணம் அடிப்படை வாடகையின் மூன்று மடங்கு, சட்டம் அனுமதிக்கும் உச்சம்.

பள்ளி வேலையின் மதியங்களும் பெரிய சொத்து. ஸோஸ்ட்டிலிருந்து அரை மணிக்குள் ரயிலில் ஹாம் நகரத்துக்குப் போய்விடலாம். அங்கே ஊன்ட்ரோப்பில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பியது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தால் வாரம் முழுக்கத் தாங்கும்.

இவ்வளவு சொன்னதால் லைப்சிக் வருடம் வீண் என்று நினைக்கவேண்டாம். ஆசிரியராக நான் வளர்ந்தது அங்கேதான். லைப்சிக் இருக்கும் கிழக்கு ஜெர்மனியில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பள்ளியில் முதல் அயல்மொழியாகப் படித்தது ரஷ்ய மொழி. அறுபது வயதில் ஆங்கிலத்தின் முதல் எழுத்திலிருந்து தொடங்க மாலை வகுப்புக்கு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த பேரனோடு பேசவேண்டும் என்று வந்த பாட்டி ஒருவர் ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை. அந்த அறையில் எனக்குப் பின்னால் வேறு ஆசிரியர் இல்லை, பாடம் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் என் பொறுப்பு. பள்ளியில் அந்த எடை என் தோளில் ஏறவே இல்லை.

கடவுச்சீட்டும் பாதியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ், கனடா, ஆஸ்திரேலியக் குடிமக்கள் விசா இல்லாமல் போய் அங்கேயே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் புறப்படும் முன்பே தூதரகத்தில் சுயதொழில் விசா வாங்கவேண்டும். வகுப்பு தருவதாக நிறுவனங்களின் கடிதங்கள், காப்பீடு, வருமானத் திட்டம் எல்லாம் கேட்பார்கள்.

ஒரே ஒரு வருடம்தான் கையில் இருக்கிறது என்றால், பள்ளி வழி திறந்திருக்கும் எவரும் அதையே எடுக்கவேண்டும் என்பது என் முடிவு. அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தாலும் பள்ளியில் தொடங்கிவிட்டுச் சுயதொழிலுக்கு மாறுங்கள். அதற்குள் மொழியும் நான்கு நண்பர்களும் சேர்ந்திருப்பார்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கு ஃபுல்பிரைட் விண்ணப்பம் அக்டோபரிலேயே முடிந்துவிடும், வகுப்பில் நிற்பது அடுத்த செப்டம்பரில். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரைக் கோடையிலேயே பிடித்துவிடுங்கள்.