மாத்திரையா பாலா? பினாங்குக் கவுண்டரில் கிடைத்த தப்பு யோசனை

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கிளினிக். பிள்ளை பெற்று ஆறு வாரமான பெண்ணுக்கு மனச்சோர்வு. டாக்டர் சரியாகத்தான் எழுதினார்: செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, முதல் வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50. கெடுத்தது மருந்துக் கவுண்டர். "பால் கொடுக்கிறீங்களாக்கா? நிறுத்திடுங்க, பவுடர் பால் போதும்" என்று பொட்டலத்தை நீட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாகிவிட்டது.

இதைக் கேட்ட தாய் எதை நிறுத்துவாள்? மாத்திரையைத்தான். அந்தக் கவுண்டருக்கு அது தெரியவேண்டாமா!

செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே சேரும். பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதுவதே அதனால்தான். குழந்தை அளவுக்கு மீறித் தூங்குகிறதா, பால் குடிப்பது குறைகிறதா என்று கவனித்தால் போதும். குறைமாதப் பிள்ளையென்றால் டாக்டரிடம் தனியாகக் கேட்கவேண்டும். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் வரலாம், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் "ஒத்துக்கல" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும்.

லண்டனில் மருந்து வாங்க மழையில் தனியாகப் பார்மசிக்கு ஓடவேண்டும். ஆனால் அங்கே படித்த பார்மசிஸ்ட் இன்னொரு முறை பார்ப்பார். நம்மூர்த் தனியார் கிளினிக்கில் டாக்டரும் மருந்தும் ஒரே வாசல். சுகம்தான், தப்பைப் பிடிக்க ஆள் இல்லை. அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்கு என்று எண்ணவேண்டாம், பேச்சு சிகிச்சைக்குக் காத்திருப்பதே தனி நோய். லேசான சோர்வுக்கு அந்தப் பேச்சு சிகிச்சையே போதும். கடுமையானால் மருந்தும் வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு இன்னமும் 1 ரிங்கிட். மிஸ்ஸி (நர்ஸ்) வீட்டுக்கு வந்து குழந்தையின் தொப்புளையும் மஞ்சள் காமாலையையும் பார்க்கும்போதே உங்கள் தூக்கத்தையும் அழுகையையும் சொல்லிவிடுங்கள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் வாக்கில் தாய்க்கு வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கும். அதைத் தாண்டினால் பத்தியக் காற்று, குளிர்ச்சி என்று பாட்டி சொல்வதோடு நிற்கக்கூடாது. பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பர்க் அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு. பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு "எப்போதாவது" என்றாலும் அன்றே டாக்டர் பார்க்கவேண்டும். தைராய்டு, ரத்தசோகை டெஸ்ட்டையும் கேட்டு எடுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகம் வந்திருந்தால், மாத்திரை தொடங்குமுன் சொல்லவேண்டும்.

தாய் இல்லாத குரல் கேட்கிறது என்கிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் லைன் 15555.