பழைய சுனாமி தேட லேத் பட்டறையில் செய்த கவுஜ் ஆகர்: இரண்டு வருடம் கழித்து

கவுஜ் ஆகர் பெரிய இயந்திரம் எல்லாம் இல்லை. நீளவாக்கில் பாதியாக அறுத்த ஒரு மீட்டர் எவர்சில்வர் குழாய், மேலே குறுக்குக் கைப்பிடி, ஆழம் போகப் போக மாட்டிக்கொள்ள மரை போட்ட மூன்று கம்பி, அவ்வளவுதான். சேற்றில் நேராக அழுத்தி, ஒரு சுற்றுத் திருகி, மெதுவாக இழுத்தால் அடுக்கு கலையாமல் மண் மேலே வரும். வெளிநாட்டுக் கருவியின் விலை நமக்குக் கட்டாது என்பதால் ஊர் லேத் பட்டறையிலேயே 9,000 ரூபாய்க்குச் செய்துகொண்டேன். கொடுத்த காசு வீண் இல்லை.

முதலில் இறக்கியது நாகைக்குத் தெற்கே, மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளத்தில். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் இடம் காட்டினார்: "இந்தப் பள்ளத்துலதான் தம்பி சுனாமி மணல் வந்து நின்னுச்சு, மேட்டுல தோண்டாதீங்க." அவர் சொன்னது அப்படியே சரி. குழாயை வெளியே எடுத்து, கத்தியால் குறுக்கே வழித்தேன் (நீளவாக்கில் வழித்தால் ஒரு அடுக்கு இன்னொன்றில் அப்பிக்கொள்ளும், செய்துவிடாதீர்கள்). அழுகிய முட்டை வாடையோடு கறுப்புச் சேறு, அதன் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெளிறிய மணல். மணலின் அடிப்பக்கம் கோடு போட்டது போல வெட்டென்று தொடங்குகிறது, அடியில் பருமணல், மேலே போகப் போக நைசு, ஊடே அலை பெயர்த்துக் கொண்டுவந்த சேற்றுக் கட்டிகள். லென்ஸ் வைத்தால் கடலில் வாழும் வகை ஃபோராமினிஃபெராவின் (ஓடு கட்டும் ஒற்றைச்செல் நுண்ணுயிர்) சுருண்ட ஓடுகள் தெரிந்தன. எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த மணல் எத்தனை உயிர்களோடு வந்தது என்று தெரிந்துகொண்டு கையில் வைத்திருப்பது வேறு, கொஞ்ச நேரம் பேசாமல்தான் நின்றேன்.

2004 அடுக்கில் கண் பழகினால்தான் அதற்குக் கீழே இருப்பது பிடிபடும். தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவிலும் இப்படித்தான். மணல் மேடுகளுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் ஆகர் போட்டும் குழி வெட்டியும் பார்த்தபோது, 2004 மணலுக்குக் கீழே கரிய மண், அதற்கும் கீழே இன்னொரு மணல் விரிப்பு. அந்த இரண்டாவது மணலுக்கும் கீழே இருந்த மண்ணில் கிடைத்த மரப்பட்டைத் துணுக்குகளின் கார்பன் வயதை வைத்து அந்தப் பழைய அலை வந்து 550 முதல் 700 வருடம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள்.

சரி, குறைகள். காய்ந்த மணலிலோ தண்ணீரில் ஊறிய தளர்ந்த மணலிலோ இது பிரயோஜனமே இல்லை, இழுக்கும்போதே எல்லாம் வழிந்துவிடும். கடற்கரையிலேயே போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். பாதி திறந்த குழாய் என்பதால் ஓஎஸ்எல் முறையில் (மணல் கடைசியாக வெளிச்சம் பார்த்து எத்தனை வருடம் ஆனது என்று கணக்கிடும் முறை) மணலின் வயது பார்க்கவும் ஆகாது, வெளிச்சம் பட்டால் அந்தச் சாம்பிள் கெட்டதுதான், அதற்கு மூடிய இரும்புக் குழாயை அடித்து இறக்கி, கறுப்பு உறையில் சுற்றி எடுக்க வேண்டும். என்னுடையதில் இரண்டாவது கம்பியின் வெல்டிங் ஆறாவது மாதமே விட்டுப்போனது, குழாய் சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது, மூன்று பேர் சேர்ந்து மண்வெட்டியால் தோண்டி எடுத்தோம். அதனால் பட்டறையில் சொல்லும்போதே வெல்டிங் வேண்டாம், ஒரே கம்பியில் மரை கடைந்து தரச் சொல்லுங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுக்குறியும் கட்டாயம்.

கருவி சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: வந்த மணல் சுனாமியா, புயலா? வேதாரண்யம் பக்கம் 2018இல் கஜா கரையேறிய இடம், அங்கே ஒரே ஒரு துளையை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. கடலிலிருந்து உள்நாடு நோக்கி வரிசையாகப் போட்டு, அடுக்கு எவ்வளவு தூரம் போகிறது, எப்படி மெலிகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு 1.4 மீட்டரில் இன்னொரு மெல்லிய மணல் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு துளையில் ஐந்தில்தான் இருக்கிறது, அதனால் இப்போதைக்கு நோட்டில் 'மணல்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் இன்னும் இருபது துளை போட வேண்டும்.