பாஃபிள் சீலிங் போடப்போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அலுவலகத்தில் எதிரொலியைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி, ஒப்பந்தத் தொகையில் 80 சதவீதத்தை வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத பட்டைகளைக் கூரையில் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று இன்று காலைதான் முடிவாகச் சொன்னார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். இன்டீரியர் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் இணையதளம் ஒன்று, அதன் வழியாக வந்த டிசைன் கம்பெனி ஒன்று. அதற்கு மேல் சொல்ல முடியாது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுடையது தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் அலுவலகம். ஹால் 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். மேலே வெறும் கான்கிரீட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கீழே டைல்ஸ். "என்னங்க, சந்தையில் நின்றா பேசுகிறீர்கள்?" என்று மறுமுனையில் யாராவது கேட்காத நாளே கிடையாது. ஏசி டக்ட், ஸ்பிரிங்க்ளர் குழாய் எல்லாம் கூரையில் ஓடுவதால் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூட முடியாது. செங்குத்தாகப் பட்டை பட்டையாகத் தொங்கும் பாஃபிள்தான் வழி. பட்டையின் இரண்டு பக்கமும் ஒலி படும், குழாய் வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. இதுவரை எல்லாம் சரி.

வந்த டிசைனரைச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் நடு ஹாலில் நின்று ஒரே ஒரு தரம் கை தட்டினார். "கேட்டீங்களா சார், அந்த இழுவை?" என்றார். அப்புறம் ஒரு பலூனை உடைத்து, அதைக் கைபேசியில் பதிவு செய்து, ஒலி அடங்க 1.8 நொடி ஆகிறது என்றார். சபீன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கின் எதிரொலியைச் சரிசெய்ய இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுபோய் வைத்து அளந்த கதையைச் சொன்னார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வந்துவிடும். என் மேசையில் கிடந்த தாளிலேயே போட்டுக் காட்டினார்: 960 கன மீட்டர், 0.161ஆல் பெருக்கினால் 155. அதை 1.8ஆல் வகுத்தால் 86, அதாவது இப்போது ஹாலில் இருப்பது 86 சதுர மீட்டர் உறிஞ்சுதல் (பட்ட ஒலியை முழுக்க விழுங்கும் 86 சதுர மீட்டர் பரப்புக்குச் சமம்). 0.8 நொடிக்குக் கொண்டுவர 193 வேண்டும். "மீதி 107 எங்க பாஃபிள் கொடுக்கும் சார்."

பையிலிருந்து இரண்டு துண்டு எடுத்தார். கனமான சாம்பல் நிற ஃபெல்ட், 50 மி.மீ. இருக்கும். அதை என் இரண்டு காதுக்கும் பக்கத்தில் பிடித்தார். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் அப்படியே அமுங்கியது. கூடவே முத்திரை குத்திய சோதனை அறிக்கை, என்.ஆர்.சி. (பட்ட ஒலியில் எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) 0.95. இவ்வளவும் செய்து காட்டுகிற ஒருவரை யார்தான் நம்பமாட்டார்கள்? அந்தக் கணக்கில் ஒரு பொய் கிடையாது. நினைக்க நினைக்க எரிவது அதுதான். கணக்கையும் மாதிரியையும் உண்மையாகக் காட்டிவிட்டு, மாட்டும்போது வேறொன்றை மாட்டினார்கள்.

மெட்டீரியல் ஆர்டர் போட வேண்டும் என்று 80 சதவீதம் கேட்டார்கள். "பணம் எங்களிடம்தான் இருக்கும், வேலை முடிந்த பிறகே அவர்களுக்குப் போகும்" என்று இணையதளத்துக்காரர்கள் உறுதி சொன்னார்கள். சரக்கு வந்து இறங்கினாலே 'வேலையின் பெரும்பகுதி முடிந்தது' என்று வைத்துக்கொண்டு அந்த 80 சதவீதத்தையும் விட்டுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்தது என்ன? 96 பட்டைகள். 1200 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், கனம் வெறும் 9 மி.மீ. அதே சாம்பல் நிறம். கீழிருந்து பார்த்தால் அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், இரண்டு கம்பிக்கும் நடுவில் சில பட்டைகள் ஏற்கெனவே வளைந்திருந்தன. எங்கள் ஹாலைப் படம் எடுத்து 'முடித்த பணிகள்' என்று தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள், அதில் மட்டும் தாமதமே இல்லை.

எதிரொலி அப்படியேதான் இருந்தது. வெளியிலிருந்து ஓர் ஒலியியல் பொறியாளரைக் கூட்டிவந்து அளந்தோம். 1.5 நொடி. அவர்கள் கணக்கையே வைத்துப் பார்த்தால் 155ஐ 1.5ஆல் வகுக்க 103. பழைய 86 போக, 96 பட்டைகளும் சேர்ந்து கொடுத்தது 17. வேண்டியது 107! ஒரு பட்டைக்கு 0.2 கூட இல்லை. இதே பட்டையை வைத்து 0.8 நொடிக்குப் போக 600க்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவு நெருக்கினால் ஒன்றை ஒன்று மறைத்து அதுவும் பலிக்காது.

அந்த அறிக்கையைப் பொறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது 50 மி.மீ. பலகைக்கான அறிக்கை. அதுவும் பாஃபிளாகத் தொங்கவிட்டு அளந்ததில்லை, 400 மி.மீ. இடைவெளி விட்டுத் தட்டையான சீலிங்காகப் படுக்கவைத்து அளந்தது. அறிக்கையில் 'இ-400' என்று சின்னதாக அச்சிட்டிருக்கிறது. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் முறையில் தொங்கும் பாஃபிளுக்கு 'ஜே' வகை மாட்டல், முடிவையும் ஒரு பட்டைக்கு எவ்வளவு உறிஞ்சுதல் என்றுதான் கொடுப்பார்கள். இன்னொன்றும் சொன்னார். என்.ஆர்.சி. என்பது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கிலும் கிடைத்ததன் சராசரி. மெல்லிய ஃபெல்ட் மேலே உள்ள அலைவரிசைகளில் கொஞ்சம் பிடிக்கும், கீழே வரவர விட்டுவிடும். ஏசியின் உறுமல் அந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை.

இனி அவர்கள் சொன்ன சாக்குகள். முதலில் "ஃபெல்ட் தொங்கித் தொங்கி விரியணும் சார், கொஞ்ச நாள் போகட்டும்." அப்புறம் "ஆட்கள் நிறைய உட்கார்ந்தால் குறையும்." ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஐயா அளந்தோம்! அடுத்தது "கண்ணாடிக்குத் திரை போடணும், அதையும் நாங்களே செய்து தருகிறோம்", இதற்கும் முன்பணம். கடைசியில் "1.8 இருந்தது 1.5 ஆகியிருக்கிறதே, குறைந்திருக்கிறதுதானே?" அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இணையதளத்தில் புகார் கொடுத்தால் "உங்கள் சிரமம் புரிகிறது சார்" என்று ஒரு பதில், மறுநாள் புகாருக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்து. மறுபடி திறந்தால், நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டும்தான், தரத்துக்கு அந்தக் கம்பெனியே பொறுப்பு என்கிறார்கள். பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று சொன்னபோது மட்டும் யார் பொறுப்பாக இருந்தார்களாம்? நான் எழுதிய மதிப்புரையையும் காணோம். இதெல்லாம் போதாதென்று மீதி 20 சதவீதத்தைக் கேட்டு அந்தக் கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 80 சதவீதத்தை விழுங்கியவர்களுக்கு 20 சதவீதம் பாக்கியாம்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டையின் கனம், உயரம், எண்ணிக்கை மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு பட்டைக்கு எத்தனை உறிஞ்சுதல் என்ற எண் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். மாட்டிய பிறகு வேறொருவர் அளந்து, சொன்ன நேரம் வந்தால்தான் பெரிய தொகை. 80 சதவீதம் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்து அறைக்குச் சத்தம் போகாது என்று சொன்னாலும் நம்பாதீர்கள், பாஃபிள் ஒலியை உறிஞ்சும், தடுக்காது. தீச் சான்றிதழும் உங்களுக்கு மாட்டப்போகும் அதே பொருள், அதே கனத்துக்கு வேண்டும். பெட் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) ஃபெல்ட் சூட்டில் உருகும். ஐரோப்பியச் சான்றிதழாக இருந்தால் 'டி0' என்று இருக்கிறதா பாருங்கள், எரியும் துளி சொட்டாது என்று அர்த்தம்.

கம்பியை எதில் கட்டுகிறார்கள் என்பதையும் நின்று பாருங்கள். எங்களுக்கு ஒரு வரிசையை ஏசி டக்டைத் தாங்கும் இரும்பிலேயே கட்டிவிட்டார்கள். ஸ்பிரிங்க்ளருக்கு நேர் கீழே ஓடும் இரண்டு வரிசைகள் தண்ணீர் பரவுவதை மறைக்கின்றன, கழற்றியாக வேண்டும் என்று தீயணைப்புப் பராமரிப்புக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். கழற்றும் கூலியும் எங்கள் தலையில்தான்.