காவல் நாய் கடிக்கத் தொடங்கினால்: இனமா, சங்கிலியா, பிரம்பா, பழக்கமா?

மதுரையைச் சுற்றி நாகமலை புதுக்கோட்டைப் பக்கமும் ஒத்தக்கடைக்கு அப்பாலும் புதிதாக வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் நாயைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். குடிபோன புதிதில், "காவலுக்கு எந்த நாய் வாங்கலாம்?" ஒன்றிரண்டு வருடம் கழித்து, "பால்காரரைக் கடிச்சிருச்சு, இப்ப என்ன செய்ய?" முதல் கேள்விக்கு அவசரமாகச் சொன்ன பதில்தான் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியாகத் திரும்பி வருகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

நம் பக்கத்தில் முதலில் அடிபடும் பெயர் ராஜபாளையம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நெடிய கால்கள். 2005இல் இந்திய நாய் இனங்களுக்காக அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலைகளில் இதுவும் ஒன்று. வீட்டு ஆளிடம் உயிராக இருக்கும், வேற்றாளை லேசில் ஏற்காது. காவலுக்கு அதுதானே வேண்டும் என்பீர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளை நிறத்துக்காகவே நெருங்கிய உறவில் இணைசேர்த்துக்கொண்டு போனதில், காது கேளாத குட்டிகள் இந்த இனத்தில் பிறக்கின்றன. காது கேளாத நாய் தூங்கும்போது பின்னாலிருந்து ஒரு பிள்ளை தொட்டால், திடுக்கிட்டு எழுந்து வாய் வைத்துவிடும். அப்புறம் அதற்குக் கோபக்கார நாய் என்று பெயர். குட்டி பார்க்கப் போகும்போது அதை மட்டும் தனியே பிரித்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும், காது கேட்கிறதா இல்லையா என்று தெரியாது.

தேனி மாவட்டத்துக் கோம்பை, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழகிய வம்சம். பிடித்தால் விடாது. தோட்டத்து வீட்டுக்குச் சரி, சந்து வீட்டுக்கு யோசிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்டவை. ஆட்களிடம் பாய்வதைவிட ஒதுங்கிப் போகும் சுபாவம் இவற்றுக்கு அதிகம், ஆனால் ஓடுகிற கோழியையோ ஆட்டுக்குட்டியையோ பார்த்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது. ஒதுங்க இடமில்லாமல் மூலையில் சிக்கினால் பயத்தில் கடிக்கும்.

ராட்வீலரை வாங்குகிறவர்கள் அதன் உடம்பைப் பார்த்து வாங்குகிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டியதும் அந்த உடம்பைத்தான். ஆண் ராட்வீலர் 50 கிலோவைத் தொடும். சின்ன நாய் செய்யும் அதே தப்பை இது செய்தால் காயத்தின் அளவே வேறு. ஜெர்மன் ஷெப்பர்டு சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் நாய்தான். ஆனால் அடர்ந்த இரட்டை ரோமத்தோடு சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிக் கிடந்தால் எந்த நாயும் நல்ல நாயாக இருக்காது. அந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் அதிகம். வலியோடு இருக்கிற நாயைத் தொட்டால் உறுமத்தான் செய்யும்.

தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியை யாரும் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். வேற்றாள் வந்தால் சத்தம் கொடுப்பதுதான் காவல் என்றால், அதை நாட்டு நாய் யாருக்கும் குறையாமல் செய்யும், நம் வெயிலையும் தாங்கும்.

சரி, இனப் பெயரை வைத்துக் குணத்தை எவ்வளவு தூரம் சொல்லிவிட முடியும்? 2022இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 18,000க்கும் அதிகமான நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000க்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில், இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 விழுக்காடுதான். அப்படியானால் ரத்தத்தில் ஒன்றுமே இல்லையா? அதுவும் இல்லை. சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் 1959இல் தொடங்கிய நரி ஆய்வைப் பாருங்கள். மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தபோது, ஆளைக் கண்டால் வாலாட்டும் நரிகள் பிறந்தன. சீறுகிறவற்றை மட்டும் சேர்த்த வரிசையில், கூண்டை நெருங்கினாலே பாயும் நரிகள் பிறந்தன. இரண்டு வரிசைக்கும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். இனத்தின் பெயர் கொஞ்சம்தான் சொல்கிறது, அந்தக் குட்டியின் தாயும் தகப்பனும் நிறையச் சொல்கின்றன. கோபக்கார நாயைத்தான் நல்ல காவல் நாய் என்று நம்பி, அதையே திரும்பத் திரும்ப இணைசேர்த்து விற்கிறவரிடம் எந்த இனக் குட்டி வாங்கினாலும் ஆபத்துதான். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டுத் தடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தன. பட்டியலில் ராட்வீலர் இருந்தது, ஜெர்மன் ஷெப்பர்டு இல்லை, நம் நாட்டு இனம் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு குட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆகவே குட்டி பார்க்கப் போனால் முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் தோட்டத்துல இருக்குண்ணே, ஆளைப் பார்த்தா பாயும், அதான் கொண்டாரல" என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடலாம். அவர் அதைப் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதி. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை, புதிய எதையும் பெரிய பயமில்லாமல் ஏற்கும் பருவம் குட்டிக்கு இருக்கிறது. நம் வீடுகளில் அந்தப் பருவம் முழுக்க, "வேற்றாளோட பழகிட்டா காவல் காக்காது" என்று சொல்லிக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். பழகாத நாய்க்கு வீரம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், காய்கறி வண்டிக்காரரின் மைக், மேளம், ஓடுகிற பிள்ளைகள் எல்லாமே அதற்கு எதிரியாகிவிடும். தடுப்பூசி முழுதாகப் போடும் வரை தரையில் விட வேண்டாம், தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நல்லது கெட்டதைப் பார்த்து வளர்ந்த நாய், ராத்திரி சுவரேறுகிறவனைப் பார்த்துக் குலைக்க மறக்காது.

வாங்குவதைப் பற்றி இவ்வளவுதான். ஏற்கெனவே வளர்ந்து, கடித்தும் விட்ட நாய்க்கு என்ன வழி?

எதற்கும் முன்னால் தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையிலோ வேறு கால்நடை மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டு வலி, பார்வைக் குறை. நேற்று வரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று கடித்தால் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். கடிபட்டவருக்கு உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவி, பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்து எல்லாரும் எடுக்கும் வழி சங்கிலி. செலவில்லை, உடனே பலன் தெரிகிறது. ஆனால் கேட்டருகே கட்டிக் கிடக்கும் நாயின் ஒரு நாளைக் கவனித்துப் பாருங்கள். பேப்பர் போடுகிறவர் வருகிறார், நாய் குலைக்கிறது, அவர் போய்விடுகிறார். சிலிண்டர்க்காரர் வருகிறார், குலைக்கிறது, போய்விடுகிறார். அவர்கள் வேலை முடிந்து போனது நாய்க்குத் தெரியாது. தான் விரட்டியதால்தான் போனார்கள் என்று ஒவ்வொரு முறையும் அதற்கு உறுதிப்படுகிறது. விலகி ஓட வழியில்லாததால் அதற்கு மிச்சம் இருப்பது பாய்வது மட்டும்தான். சங்கிலி அறுந்த அன்றைக்குத்தான் பெரிய கடி விழுகிறது. ஓயாமல் கட்டிப்போடுவதும், கட்டியே வைத்த நாயை நடத்திக்கூடப் போகாமல் விடுவதும் 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். கொஞ்சம் செலவானாலும், தெரு தெரியாதபடி கேட்டில் தகடு அடித்து, உள்ளே இன்னொரு சின்ன கேட் போட்டால் கடி குறையும்.

பிரம்பு இதைவிட மோசம். "ரெண்டு போட்டாத்தான் அடங்கும்" என்று நம் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொன்னார்கள். மல்லாத்திப் போட்டு அமுக்கியவர்களில் அது 31 விழுக்காடு. இன்னொன்று, உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். பயம் மட்டும் அப்படியே இருக்கும். உறுமல் என்பது அது கொடுக்கும் எச்சரிக்கை. அதையும் பிடுங்கிவிட்டால், சத்தமே இல்லாமல் கடிக்கும் நாய்தான் மிச்சம். கழுத்தை இறுக்கும் சோக் செயின், மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலர் வைத்து வேலை செய்யும் டிரெய்னர்களையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

மாதக்கணக்கில் நாயை வாங்கி வைத்துப் பழக்கிக் கொடுக்கும் முகாம்களுக்கு வருவோம். திரும்பி வரும் நாய் உட்காரும், படுக்கும், கை கொடுக்கும். டிரெய்னர் சொன்னால். வீட்டில் அதே பால்காரர் அதே நேரத்துக்கு வருவார், நாய்க்கு அதே பயம் வரும். சொன்னால் உட்காருவதும் பயம் தெளிவதும் வேறு வேறு காரியம். போகும்போதெல்லாம் உள்ளே வந்து பார்க்க விடுகிற, வீட்டு ஆளையும் கூட நிறுத்திச் சொல்லிக் கொடுக்கிற இடமாக இருந்தால் போகலாம். "நீங்க வந்தா அது கெட்டுப்போகும்" என்றால் வேண்டாம்.

நான் நம்புவது வீட்டிலேயே, அந்தப் பயம் வரும் இடத்திலேயே செய்கிற வேலையைத்தான். உசிலம்பட்டி சாலையில் ஒரு தோட்டத்து வீட்டில் கோம்பை நாய் ஒன்று, பால்காரரின் டிவிஎஸ் 50 சத்தம் கேட்டாலே வேலியில் முட்டும். முதல் கடி விழுந்த பிறகு அந்த வீட்டு அக்கா செய்தது இது. பால்காரரை வண்டியோடு பாதை முனையிலேயே நிற்கச் சொன்னார். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நின்றார். வண்டி கண்ணில் பட்டதும் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. பார்க்கும் வரை துண்டு துண்டாக ஈரல், வண்டி மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது. வண்டி முதலில், ஈரல் பிறகு. ஈரலை முதலில் காட்டிவிட்டால், ஈரல் பையை எடுத்தாலே ஆபத்து வருகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். காதை விறைத்து வாயை மூடிக்கொண்டு முறைக்கத் தொடங்கினால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், அக்கா நாயோடு இன்னும் பின்னால் போவார். வாரங்கள் போகப் போக, வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த நாய் வேலியைப் பார்க்காமல் அக்காவின் கையைப் பார்த்தது. வண்டி மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. இன்றைக்கும் பால்காரர் அதைத் தொடுவதில்லை, தொடவும் வேண்டாம். அவர் பாலை ஊற்றிவிட்டு நிம்மதியாகப் போகிறார்.

இதோடு வாய்க்கூடும் பழக்க வேண்டும். கடையில் மசில் என்று கேட்டால், வாயை இறுக்கிக் கட்டும் நைலான் பட்டையைத் தருவார்கள். அது வேண்டாம், அதைப் போட்டால் நாயால் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது. நம் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூடை வடிவில் இருப்பதை வாங்கி, உள்ளே தயிர்ச்சோற்றைத் தடவி, அதுவாக மூக்கை நுழைக்கும் வரை காத்திருங்கள்.

கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஊர் சுற்றுவதும் ஆண் நாய்களுக்குள் சண்டையும் குறையலாம், ஆளைப் பார்த்து வரும் பயம் அதனால் போகாது. சில நாய்களுக்குக் கால்நடை மருத்துவர் பயத்தைக் குறைக்கும் மருந்து எழுதித் தருவார். பயிற்சிக்குத் துணையாக அது உதவும்.

எந்த வழியும் எல்லா நாய்க்கும் போதாது. கடியின் ஆழத்தைப் பாருங்கள். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படிநிலையில், தோலில் பல் பட்டும் குத்தாமல் விட்டது இரண்டாம் நிலை. அந்த நாய் தன் வாயை அடக்கத் தெரிந்த நாய், அதோடு நம்பி வேலை செய்யலாம். கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கும் மேல் ஆழமாக இறங்கியிருந்தால் நான்காம் நிலை. அப்படிக் கடித்த நாயைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைத்துப் பயிற்சி பார்க்காதீர்கள்.

அப்போதுதான் "தோட்டத்துக்குக் கொடுத்துர்றேன்" என்று தேடுவார்கள். கொடுக்கலாம், பெரிய வேலியும் விவரம் தெரிந்த ஆளும் இருந்தால். ஆனால் கடித்ததை மறைத்துக் கொடுக்காதீர்கள். யாரை, எப்போது, எந்த நேரத்தில், எவ்வளவு ஆழமாகக் கடித்தது, எதைக் கண்டால் பயப்படும் என்று எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள். நாயைக் கவனமில்லாமல் வைத்திருந்து பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நாயை வாங்கிக்கொள்பவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். இவ்வளவையும் படித்துவிட்டு அவர் வேண்டாம் என்று சொன்னால் அவரை வற்புறுத்தாதீர்கள். அடுத்து கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.