ஃபோம் வளையக் கேப்ஸ்யூல்: பல வருடம் வைத்திருந்து பார்த்த பிறகு

ப்ரூஃப் நாணயம் (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி போல் பளபளக்க அடிக்கும் நாணயம்) சேர்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற கேப்ஸ்யூலையே நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது, நாணயத்தை உள்ளே வைத்து மூடும் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக் உறையை. நாணயம் அசையாமலிருக்க அதற்குள் ஒரு ஃபோம் வளையம் இருக்கும். ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. நாணயத்தை விளிம்பில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், பிவிசி உறை ஆகாது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் இன்னும் மஞ்சளாகவில்லை. மூடி தளரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நடுவில் ஒரு தடுப்பு இருப்பதே தெரியாது. ப்ரூஃபுக்கு இது பெரிய விஷயம். மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய உலோக வில்லையை ஒரு தடவைக்கு மேல் அடித்து வரவைத்த கண்ணாடிப் பரப்பு அது. மென்மையான துணியால் துடைத்தாலும் மயிரிழைக் கோடு விழும். நாணயத்தின் தரத்தை மதிப்பிட, அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலைத்தான் இன்று பெரும்பாலும் எல்லா நாணயத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அதன் மேல்படிகளில் ஒரு ப்ரூஃபைக் கீழே இறக்குவது பெரும்பாலும் இந்தக் கோடுகள்தான். கைபடாமல் காப்பாற்றும் வேலையில் இந்தக் கேப்ஸ்யூல் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

என் கோபமெல்லாம் உள்ளே இருக்கும் அந்தக் கறுப்பு வளையத்தின் மேல்தான்.

ஒரே உறையில் பல அளவு நாணயங்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக ஃபோம் வளையம் தருகிறார்கள். வளையத்தின் உள்விட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கும் ஆரம்பத்தில் வசதிதான். ஆனால் அந்த வளையம் நாணயத்தின் விளிம்பைச் சுற்றிலும் அழுத்தித் தொட்டுக்கொண்டே இருக்கிறது. என் வெள்ளி நாணயத்தில் முதலில் விளிம்போரம் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று வந்தது. அப்புறம் மஞ்சள் உள்நோக்கி நகர, ஓரத்தில் ஊதாவும் நீலமும் சேர்ந்துகொண்டன. சாயம் எதுவும் ஏறவில்லை. காற்றிலோ பக்கத்துப் பொருளிலோ இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு படலமாகின்றன. படலம் தடிக்கத் தடிக்க ஒளிக் குறுக்கீட்டால் நிறம் மாறிக்கொண்டே போய், கடைசியில் கறுப்பில் முடிகிறது. 0.999 தூய வெள்ளியும் இதற்குத் தப்பாது. 0.925, 0.900 வெள்ளி என்றால் கலந்திருக்கும் செம்பும் தன் பங்குக்கு நிறம் மாறும்.

நியாயமாகப் பார்த்தால் பழி முழுவதையும் வளையத்தின் மேல் போட முடியாது. இரண்டு பாதிகளையும் அழுத்தி மூடும் உறை எதுவுமே காற்றை முழுதாகத் தடுக்காது. காற்று நுழைவது ஓரத்தின் வழியாகத்தான், எனவே ஓரம் முதலில் நிறம் மாறுவதில் அதிசயமில்லை. ஆனால் அதே அலமாரியில், அதே சமயத்தில் வாங்கிய இன்னொரு நாணயம் வளையமே இல்லாத நேர் அளவுக் கேப்ஸ்யூலில் இருக்கிறது. அது இன்னும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு நியாயம் பேசும் பொறுமை போய்விட்டது.

இப்படி நிறம் மாறுவதை டோனிங் என்பார்கள். வானவில் டோனிங் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. சரி, அது அவரவர் ரசனை. கண்ணாடிப் பரப்பின் ஓரத்தில் அழுக்குப் பட்டை மாதிரி வருவதை என்னால் ரசிக்க முடியவில்லை.

இதைவிட எரிச்சல், உதிரும் துகள். ஃபோம் பழசாகப் பழசாகப் பொடிகிறது. அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் இருப்பதால் பொடி உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறது, மீதி நாணயத்தின் மேல் விழுகிறது. ஒரு கறுப்புப் புள்ளி போதும், கண் அங்கேயேதான் போய் நிற்கும். துடைக்கவும் முடியாது, துடைத்தால் கோடு. கையால் அழுத்தும் ஊதுபந்து ஒன்றுதான் வழி. கோடு விழாமல் காக்க வாங்கிய உறையே, கோடு விழவைக்கும் துகளை உள்ளே கொட்டுகிறது!

சிலிக்கா ஜெல் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். நானும் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அது இழுப்பது ஈரத்தைத்தான், கந்தக வாயுவைத் தடுத்து நிறுத்தாது. ஈரம் குறைந்தால் டோனிங்கின் வேகம் குறையும், செம்பு நாணயங்களுக்கு இன்னும் நல்லது, அவ்வளவுதான். எனக்கு உண்மையில் கைகொடுத்தது செம்புத் துகள் கலந்த பிளாஸ்டிக் பை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான உத்தி இது. வரும் வாயு நாணயத்தைத் தொடுவதற்கு முன்பே பையில் இருக்கும் செம்போடு வினைபுரிந்துவிடும். பை கறுத்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கேப்ஸ்யூல்களைப் பெட்டியோடு அதற்குள் வைத்த பிறகு புதிதாக எதுவும் நிறம் மாறவில்லை.

ஏற்கெனவே மாறியதைக் கழுவலாமா என்றால், வேண்டாம். வெள்ளி டிப் என்று விற்கும் கரைசலில் அமிலமும் தயோயூரியாவும் இருக்கும். படலத்தோடு சேர்த்து மேல்பரப்பையும் கரைத்துவிடும், ப்ரூஃபின் பளபளப்பு அப்புறம் திரும்பாது. அசிட்டோன், பிவிசி உறை நாணயத்தில் விடும் பச்சைப் பிசுக்கை எடுக்கும், டோனிங்கைத் தொடாது. அதையும் கேப்ஸ்யூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அக்ரிலிக் கரைந்துவிடும்.

ஆக, தெளிவுக்கும் உறுதிக்கும் பொருத்தத்துக்கும் மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு கொடுப்பேன். இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாணயத்தின் விட்டத்தையும் தடிமனையும் வெர்னியரில் அளந்து, நேர் அளவுக் கேப்ஸ்யூலாக வாங்குங்கள். என்னிடம் மிச்சமிருக்கும் வளையக் கேப்ஸ்யூல்களில் புழக்கத்தில் தேய்ந்த பழைய காசுகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.