ஃபிட்ஸுக்கு உணவுப் பத்தியம்: கீட்டோவா, அட்கின்ஸா, குறை கிளைசெமிக்கா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே நான் ஒப்பிடுவது மாத்திரையையும் சாப்பாட்டையும் அல்ல, வலிப்பைக் குறைக்கக் கொடுக்கும் உணவுப் பத்தியங்களை ஒன்றோடொன்று. வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு ஒழுங்காக மருந்து எடுத்தாலே கட்டுக்குள் வந்துவிடும், அவர்களுக்கு இந்தப் பத்தியம் எதுவும் வேண்டாம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் நிற்காத குழந்தைகளுக்குத்தான், பெரும்பாலும், இந்தப் பேச்சே வருகிறது. அதுவும் மருந்தோடு சேர்த்து. "டயட் ஆரம்பிச்சாச்சு, மாத்திரையை நிறுத்திடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், திடீரென்று மருந்தை நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விதிவிலக்காக, குளூட்-1 குறைபாடு என்ற பிறவிக்கோளாறில் சர்க்கரை மூளைக்குள் சரியாகப் போகாது. அதற்குக் கீட்டோஜெனிக் உணவுதான் முதல் சிகிச்சையே.

அடிப்படை இதுதான். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் கல்லீரல் கீட்டோன்களைத் தயாரிக்கும், மூளை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், அந்த நிலையில் பலருக்கு வலிப்பு குறைகிறது. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் இதை முன்வைத்தார். 1938-ல் ஃபெனிடாய்ன் என்ற வலிப்பு மருந்து வந்த பிறகு மெல்ல ஓரங்கட்டப்பட்டு, 1990-களில் திரும்பி வந்தது.

பழைய முறையான கிளாசிக் கீட்டோதான் இருப்பதிலேயே கறாரானது. 4:1 என்றால் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம், அதற்குக் கொழுப்பு 4 கிராம். கேட்க எளிதாக இருக்கும், அடுப்படியில் என்ன ஆகிறது என்று பாருங்கள்: ஒரு முட்டையில் புரதம் சுமார் 6 கிராம், கொழுப்பு சுமார் 5 கிராம், ஆகவே அந்த ஒரு முட்டையைக் கணக்குக்குக் கொண்டுவர இன்னும் 20 கிராம் கொழுப்பு, அதாவது நாலு டீஸ்பூன் நெய், குழந்தையின் வயிற்றுக்குள் போயாக வேண்டும், தட்டில் ஒட்டியதைக்கூட வழித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் கிராம் தராசு. பலன் வலுவானதுதான். லண்டனில் நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், மூன்று மாதத்தில் கீட்டோ எடுத்த குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, எடுக்காதவர்களில் 6 சதவீதம்தான். பால்புட்டியிலோ குழாய் வழியாகவோ உணவு எடுக்கும் குழந்தைக்கு இதுதான் வசதியும்கூட, அளந்து கலந்துவிடலாம்.

எம்சிடி எண்ணெய் (சீக்கிரம் கீட்டோனாக மாறும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) முறையில் கொஞ்சம் கூடுதலாக மாவுச்சத்து சாப்பிடலாம், ஆனால் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் பலருக்கு வரும், எண்ணெய் விலையும் அதிகம். நம் ஊரில் இதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்கள். போதாது. தேங்காய் எண்ணெயில் பாதி லாரிக் அமிலம், சீக்கிரம் கீட்டோனாக மாறும் சங்கிலி குறைந்த கொழுப்பு அதில் கொஞ்சம்தான்.

மாற்றியமைத்த அட்கின்ஸ் 2003-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. தராசு வேண்டாம், புரதத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 10 கிராம் மாவுச்சத்துதான், ஒரு இட்லியிலேயே ஏறக்குறைய அது தீர்ந்துவிடும்! முட்டை, மீன், கோழி சாப்பிடும் வீட்டில் ஓட்டிவிடலாம். சைவ வீட்டில் பனீர், தேங்காய், நிலக்கடலை, கீரை என்று சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும், குழந்தைக்கு இரண்டாவது வாரமே அலுத்துவிடும்.

குறை கிளைசெமிக் முறைதான் சோற்று வீட்டுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தருவது. நாளைக்கு 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உண்டு, ஆனால் இரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றுவதாக, கிளைசெமிக் எண் (ஒரு உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு) 50-க்குக் கீழே இருக்க வேண்டும். வெள்ளைச் சோறு இதிலும் கிடையாது. அளவான கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு எல்லாம் உண்டு. சிறுதானியம் என்றாலே சரிதான் என்று ராகிக் கூழைக் கொடுத்துவிடாதீர்கள், அது சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

கீட்டோ, அட்கின்ஸ், குறை கிளைசெமிக் மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு டெல்லி எய்ம்ஸில் நடந்து 2020-ல் வெளியானது. மருந்துக்குக் கட்டுப்படாத 170 குழந்தைகள், 24 வாரம். குழந்தைகளுக்கு வந்த வலிப்பு, நடு அளவாகப் பார்த்தால், குறைந்தது கீட்டோவில் 66 சதவீதம், அட்கின்ஸில் 45, குறை கிளைசெமிக்கில் 54. மற்ற இரண்டும் கீட்டோவுக்குச் சளைத்தவை அல்ல என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பக்கவிளைவு குறை கிளைசெமிக்கில்தான் தெளிவாகக் குறைவு.

என் கணிப்பு இது. கைக்குழந்தை, குளூட்-1, அல்லது தினம் பலமுறை வலிப்பு என்றால் கிளாசிக் கீட்டோவுக்கே போகலாம், சிரமத்துக்குப் பலன் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் குழந்தை, அம்மா ஒருத்தியே சமைத்து வேலைக்கும் போகிறார் என்றால், டாக்டரிடம் குறை கிளைசெமிக்கைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். பத்து நாளில் கைவிடும் 66-ஐவிட ஆறு மாதம் நீடிக்கும் 54 அந்தக் குழந்தைக்கு மேல். அசைவ வீடு, தராசு தொல்லை வேண்டாம் என்றால் அட்கின்ஸ்.

எதை எடுத்தாலும் யூடியூப் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். கொழுப்பை எரிக்க முடியாத சில பிறவிக் குறைபாடுகள் இருந்தால் கீட்டோ உயிரைப் பறிக்கலாம், ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை. மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி தேங்குவது, இதையெல்லாம் கவனிக்க நரம்பியல் டாக்டரும் டயட்டீஷியனும் கூடவே இருக்க வேண்டும். மூன்று மாதம் சரியாகக் கடைப்பிடித்தும் மாற்றமே இல்லையென்றால் அவர்களிடம் கேட்டு மெல்ல நிறுத்தலாம்.

அப்புறம், இனிப்பு சிரப். இருமல் மருந்திலும் வலிப்பு சிரப்பிலும்கூடச் சர்க்கரை இருக்கும், மாத்திரையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குளுக்கோஸ் டிரிப்ஸ் போடும் முன்பே குழந்தை எந்தப் பத்தியத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பத்தியத்தின் பெயர், டாக்டரின் போன் நம்பர், மருந்துப் பட்டியல் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பள்ளிப் பையில் ஒன்றும் வீட்டு ஃபைலில் ஒன்றும் வைத்துவிடுங்கள்.